தள்ளுபடி சொல்லாத கலெக்டர்

1. ஜீப் வந்தது

தாசில்தாரின் ஜீப் வந்து நின்றபோது எங்கள் கலெக்டர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கலெக்டர் என்றால் நிஜக் கலெக்டர் இல்லை. சினிமாக் கலெக்டர். ஆனால் மனுக்கள் நிஜம். அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நூற்றுச் சொச்சம் பேரும் நிஜம். வரிசை எங்கள் தாலுகா கச்சேரி செட்டின் வாசலைத் தாண்டி, கரும்புக்காட்டு வரப்பில் ஏறி, வாய்க்கால் பாலம் வரைக்கும் போயிருந்தது.

நான் அந்தப் படத்துக்கு புரொடக்‌ஷன் மேனேஜர். இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள், "சார், உங்க சர்வீஸ்ல பெரிய சிக்கல் எது?" என்று கேட்பார்கள். மழையில் செட் கரைந்தது, ஹீரோ குதிரையிலிருந்து விழுந்தது என்று எதையாவது எதிர்பார்ப்பார்கள். அதெல்லாம் எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் நான் சொல்வது இந்த ஜீப் கதையைத்தான்.

2. வெள்ளைக்கோழி

எழுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரன் காலத்தைப் பற்றிய ஒரு பழைய நாவலைப் படமாக எடுத்தார்கள். மழை பொய்த்த வருஷம் ஒன்றில் குடியானவர்கள் ஜில்லா கலெக்டரிடம் மனுக் கொடுக்கிறார்கள். அவன் ஒன்றைக்கூடப் படிக்காமல் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டுப் போகிறான். இதுதான் கதை. படித்தவர்கள் யாரும் அந்த நாவலைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள் என்றார்கள். நான் தவறவிட்டிருந்தேன்.

டைரக்டர் பெயர் சிவபாலன். புனாவில் படித்துவிட்டு வந்தவர். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, மேக்கப் கிடையாது. ஸ்டுடியோவே வேண்டாம், எல்லாம் நிஜ ஊரில், பேச்சையும் அங்கேயே லைவ் சவுண்டில் பதிவு செய்ய வேண்டும் என்றார். நான் மல்லசமுத்திரத்துக்காரன், அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரியும் என்பதால் என்னைப் போட்டார்கள். மோகனூருக்கு மேற்கே ஆலாங்காட்டுப்புதூர் என்ற சிற்றூரைக் காட்டினேன். நூறு வீடு இருக்கும். ஒரு பண்ணைக்காரரின் தூண் வைத்த பழைய குடோன் இருந்தது. அதைத் தாலுகா கச்சேரியாக மாற்றினோம்.

டைரக்டருக்கு ஒரே ஒரு விதி உண்டு. கதை நடக்கிற வருஷத்தில் இல்லாத எதுவும் பிரேமுக்குள் வரக்கூடாது. அதனால் என் வேலை எதையும் கொண்டுவருவது அல்ல, இருப்பதை அப்புறப்படுத்துவது. சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். பார்த்தீனியச் செடி வெள்ளைக்காரன் காலத்தில் கிடையாதாம். எட்டுப் பெண்களை வைத்து மூன்று நாள் பிடுங்கினோம். தெற்கே ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த ரிக் வண்டிக்காரனிடம் போய், ஷாட் எடுக்கும்போது மட்டும் நிறுத்தும்படி கையெடுத்துக் கும்பிட்டேன். "நூத்தம்பது அடியில கல்லுல நிக்கறனுங்க. இப்ப நிறுத்துனா பிட்டு மாட்டிக்கும்," என்றான். அவன் கல்லைத் தாண்டும் வரை இந்தியத் திரைப்படக் கலை காத்திருந்தது.

நான்காம் நாள் டைரக்டர் காமிராவிலிருந்து தலையை எடுத்தார்.

"மிஸ்டர் பழனியப்பன், அந்தக் கோழி ஏன் வெள்ளையாக இருக்கிறது?"

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துக் காட்டுப் பண்ணையிலிருந்து இருபது முப்பது கோழிகள் வேலி தாண்டி வந்து கச்சேரி முன்னால் மேய்ந்துகொண்டிருந்தன.

"பண்ணைக்கோழி சார். எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கும்."

"அந்தக் காலத்தில் இந்த இனமே இந்தியாவில் இவ்வளவு கிடையாது."

கோழிக்காரரிடம் போனேன். "கோழி வெள்ளையா இருந்தா உங்குளுக்கு என்னுங்க மேனேஜரு?" என்று கேட்டார். கடைசியில் செம்மண்ணும் டீத்தூள் கஷாயமும் கரைத்து இருபத்திரண்டு கோழிகளுக்கு நிறம் ஏற்றினோம். காய்ந்ததும் அவற்றுக்கு ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஒரு மணி நேரம் கொத்திக்கொண்டு ரகளை. கோழிக்காரர் அவற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டார். டைரக்டர் கோழியில்லாமலே ஷாட்டை எடுத்தார்.

நான் சொல்ல வந்தது கோழியைப் பற்றி அல்ல. இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கும் மனிதர், ஆட்கள் வாயில் என்ன வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

3. மிஸ்டர் நார்மன்

கலெக்டர் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பவுடர் பூசிய ஆள் வேண்டாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் பகுதியில் விசாரித்தேன். அங்கேதான் நார்மன் கிடைத்தார். ஆங்கிலோ இந்தியர். சிவந்த முகம், நரைத்த மீசை, கம்பீரமான வயிறு. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எவ்ளோ டயலாக் இருக்கு மேன்?" என்று கேட்டார்.

"ஒரே வார்த்தைதான் சார். தள்ளுபடி."

"யாருதைத் தள்ளுபடி பண்ணணும்?"

"எல்லாருதையும்."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "படிக்காமலா?"

"கதைல அப்படித்தான் சார்."

"நான் பார்த்த லைன்ல, கம்ப்ளெயிண்ட் புக்குல ஒருத்தன் ஒரு வரி எழுதினாக்கூட நான் படிச்சு, டைம் போட்டு, சைன் பண்ணி மேல அனுப்பணும். அனுப்பலைன்னா எனக்கு மெமோ."

அது வேறு, இது சினிமா என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். லொகேஷனுக்கு வரும்போது தன் பழைய தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு நீளமான ஜர்னல், விசில், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எல்லாம் இருந்தன. இது எதற்கு சார் என்றால், "பெட்டி இல்லாம டியூட்டிக்கு வந்து பழக்கம் இல்லை," என்றார்.

4. ஜமாபந்தி

மனுக் கொடுக்கும் காட்சிதான் படத்தின் உயிர். வருஷம் ஒரு தடவை அதிகாரி ஊருக்கு வந்து நிலவரிக் கணக்குப் பார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி. அதற்கு நூறு பேர் வேண்டும். டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவர்களுக்கு வசனம் கொடுக்க வேண்டாம். நடிக்கவும் சொல்ல வேண்டாம். அவரவர் குறையை எழுதிக்கொண்டு வரட்டும். அப்போதுதான் முகத்தில் உண்மை இருக்கும்."

டீக்கடையில் போய் நின்று சொன்னேன். "நாளைக்கு சினிமாவுக்குக் கலெக்டர் வர்றாருங்க. அவங்கவங்க குறைய ஒரு காயிதத்துல எழுதிட்டு வாங்க." டீக்கடைக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கேயோ 'சினிமாவுக்கு' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் மூன்று ஊர் சனம் வந்து நின்றது. எல்லோருக்கும் பழைய கால உடுப்பு கொடுத்தோம். கைக்கடிகாரங்களைக் கழற்றி ஒரு பக்கெட்டில் போட்டோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. சினிமா என்று தெரிந்தவர்கள்கூட, வந்தது வந்தோம், மனுவையும் கொடுத்துவிட்டுப் போவோம் என்ற நினைப்பில்தான் இருந்தார்கள்.

முதல் ஆள் ஒரு வயசாளி. பயிர்க் கடனைக் கட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தார். நார்மன் காகிதத்தைப் பார்க்காமல், சொல்லிக்கொடுத்தபடி, "தள்ளுபடி!" என்றார்.

வயசாளி அப்படியே காலில் விழுந்துவிட்டார். "சாமி! நல்லா இருப்பீங்க சாமி!" என்று எழுந்து, வரிசையைப் பார்த்துத் திரும்பி, "தள்ளுபடி பண்ணிப்போட்டாருங்கோ!" என்று கத்தினார். வரிசை முழுக்க முகம் மலர்ந்தது. மனுத் தள்ளுபடியை அவர் கடன் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"கட்! ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?" என்றார் டைரக்டர்.

விளக்கினேன். வேறு சொல் போடலாமா சார் என்றும் கேட்டேன். நாவலில் அந்தச் சொல்தான் இருக்கிறது, மாற்ற முடியாது என்றார். வரிசையில் நின்றவர்களிடம் போய், இந்தத் தள்ளுபடி நல்ல தள்ளுபடி இல்லை, கெட்ட தள்ளுபடி என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர்களுக்குப் புரிந்தது. முகம் வாடியது. டைரக்டர் திருப்தியாகக் காமிராவை ஓட்டச் சொன்னார்.

பதினோராவது ஆளாக வந்தவர் பாவாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கரும்புக்காட்டில் களையெடுக்கும் பெண்கள் இருபது பேரைத் திரட்டி வேலை வாங்குகிறவர். மனுவை நார்மனிடம் நீட்டிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஆலமரத்துக்கிட்ட பஸ்சு நிக்கறதில்லீங்க. போன ஐப்பசியில என்ற மருமவள நோவோட ரோட்டுல நிறுத்திவெச்சுக் கையக் காட்டுனனுங்க. மொத பஸ்சு போச்சு. ரெண்டாவது போச்சு. மூணாவதும் போச்சுங்க. மரத்தடியிலயே புள்ள பொறந்துருச்சு. இப்ப அவன் நடக்கறானுங்க. பஸ்சு இன்னும் நிக்கல."

நார்மன் "த" என்று தொடங்கினார். மேலே வரவில்லை. தொப்பியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"எந்த பஸ்மா? எத்தனை மணிக்கு?"

"காத்தால எட்டேகால் வண்டிங்க."

"டிரைவர் பாத்தானா, பாக்கலையா?"

"பாத்தானுங்க. பாத்துட்டுத்தான் போனான்."

நார்மன் பேனாவை எடுத்தார். மனுவை முழுக்கப் படித்தார். அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, "எழுதிட்டேன்மா. போயிட்டு வா," என்றார். பாவாயி கும்பிட்டார். திரும்பி நடக்கும்போது புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டைரக்டர் கட் சொல்லவே இல்லை. பிலிம் தீர்ந்து காமிரா தானாக நின்றது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இவ்வளவு வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை," என்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனால் பஸ் என்று சொல்லிவிட்டார்களே!"

மறுபடி எடுக்கலாம் என்று முடிவாயிற்று. பாவாயியிடம் நான் போனேன்.

"அக்கா, பஸ்சுன்னு சொல்லாம, வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு சொல்லுங்கக்கா."

"வாய்க்கால்ல தண்ணி வருதுங்களே."

"கதைக்காகத்தானுங்க."

"வராதத வருதுன்னாலும் பரவால்லீங்க. வர்ற தண்ணிய வரலைன்னு கலெக்டருகிட்டச் சொன்னா, நாளைக்கு நெசமா வராமப் போனா நம்புவாரா?"

"பஸ்சுக்குப் பதிலா வண்டின்னாவது சொல்லுங்க."

"எந்த வண்டின்னு கேப்பாரு. மாட்டு வண்டி நின்னுட்டுத்தானுங்க போகுது."

ஒன்பது டேக் எடுத்தோம். ஒன்பதிலும் பஸ் வந்தது. ஒன்பதிலும் நார்மன் எத்தனை மணிக்கு என்று கேட்டார். டைரக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்து, அந்த அம்மா இல்லாமல், காமிராவைப் பார்த்துத் தள்ளுபடி என்று மட்டும் சொல்லச் சொன்னார். எதிரில் ஆள் இல்லாததால் நார்மன் சொல்லிவிட்டார்.

5. கொடி

மறுநாள் காலையில் யூனிட் வேனிலிருந்து நார்மனைக் காணோம். கச்சேரியில் கலெக்டர் உடுப்பும் இல்லை. தேடிக்கொண்டு போனால், ஆலமரத்தடியில் தார் ரோட்டின் நடுவே தொப்பியும் கோட்டும் முழங்கால் பூட்ஸுமாக நின்றுகொண்டிருக்கிறார். கையில் சிவப்புக் கொடி. பக்கத்தில் தலைப்பாகையும் குறுக்குப் பட்டையுமாக, கலெக்டருக்கு முன்னால் கட்டியம் சொல்லிப் போகும் எங்கள் டவாலி வேஷக்காரர். மரத்தடியில் பாவாயியின் ஆட்கள், கூடை களைக்கொத்தோடு.

பஸ் வந்தது. நார்மன் விசில் ஊதிக் கொடியை விரித்தார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

டவாலிக்காரருக்கு ஒரே வசனம்தான் தெரியும். அதைச் சொன்னார்: "கலெக்டர் துரை சமூகம் வருகிறது, விலகு!"

டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

நார்மன் கோட்டுப் பையிலிருந்து பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "எட்டு பத்தொன்பது. நாலு நிமிஷம் லேட்."

"ஆமாங்க தொரை. மோகனூர்ல லோடு ஏத்துனாங்க."

"இங்க ஏன் நிக்கறது இல்லை?"

"இங்க ஸ்டாப்பு இல்லீங்க தொரை."

"இப்ப நிக்கிறியே?"

"நீங்க கொடி காட்டுனீங்க, நின்னனுங்க."

"நாளைக்கும் காட்டுவேன்."

டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாவாயியின் மருமகள், ஆலமரத்தடியில் பிறந்த அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். எல்லோரும் ஏறினார்கள். நார்மன் பச்சைக் கொடியைக் காட்டினார். பஸ் போயிற்று. ஜர்னலில் நேரம் எழுதிக்கொண்டார்.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன். "சார், என்ன சார் இது?"

"கம்ப்ளெயிண்ட் வாங்கினவன் நான்தானே மேன்," என்றார்.

ஷூட்டிங் நடந்த அத்தனை நாளும் எட்டேகால் வண்டி நின்றது. முதல் நாள் டிரைவர் மட்டும்தான் பயந்தார். பிறகு கண்டக்டர் நார்மனுக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார். இந்த விஷயம் பரவி, கேள்விப்படாத ஊரிலிருந்தெல்லாம் மனு வந்தது. நார்மன் வரிசை நம்பர் போட்டு வாங்கிக்கொண்டார். கூட்டம் தானாக வருவதில் டைரக்டருக்குச் சந்தோஷம். சிலர் கையெழுத்தான மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேரே தாலுகா ஆபீஸுக்கே போய்விட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

6. டெரிலின் பேண்ட்

அப்படித்தான் ஜீப் வந்தது.

தாசில்தார் இறங்கினார். ஒடிசலான மனிதர். கண்ணாடி போட்டவர். கையில் மூன்று மனுக்கள். நேரே கச்சேரிக்குள் நடந்தார். அங்கே ஷாட் ஓடிக்கொண்டிருந்தது.

"கட்! பிரேமுக்குள் டெரிலின் பேண்ட் போட்டவர் யார்?" என்று டைரக்டர் கத்தினார்.

டவாலிக்காரர் ஓடிவந்து, வேஷ மும்முரத்தில், தாசில்தாரின் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினார். "கலெக்டர் துரை சமூகம்..."

"கையை எடு! நான் தாசில்தார்!"

வரிசையில் நின்ற நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"இங்கே யார் பொறுப்பு?"

"நான்தானுங்க சார். மேனேஜர்."

"அரசாங்க அதிகாரி என்று சொல்லி ஜனங்களிடம் மனு வாங்கியிருக்கிறீர்கள். என்ன கேஸ் ஆகும் தெரியுமா? நேற்று என் ஆபீஸில் மூன்று பேர் வந்து, கலெக்டரே கையெழுத்துப் போட்டுவிட்டார், நீ என்ன தாமதிக்கிறாய் என்று மேஜையைத் தட்டுகிறார்கள்! போலீஸைக் கூப்பிட்டு இந்த இடத்தைப் பூட்டப் போகிறேன்."

மறுநாள் சாயங்காலம் குடோனைப் பண்ணைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும், மஞ்சள் வந்து இறங்குகிறது. இன்றைக்குப் பூட்டினால் படத்துக்கு முடிவே இல்லை. ஊர் சனத்தை மனுவோடு வரச் சொன்ன என்னைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

நார்மன் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சார், நான் என்ன சைன் பண்ணியிருக்கேன்னு படிங்க."

தாசில்தார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். 'பார்த்தேன். தக்க நடவடிக்கைக்காக மேலே அனுப்பப்படுகிறது. ஆர். நார்மன், ரயில்வே கார்டு, ஓய்வு.' மூன்றிலும் அதேதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. மேஜையைத் தட்டிய அவசரத்தில் தாலுகா ஆபீஸிலும் படிக்கவில்லை.

"கலெக்டர்னு நான் எங்கயும் எழுதலை. சொல்லவும் இல்லை. கம்ப்ளெயிண்ட் கொடுத்தாங்க, வாங்கினேன். மேல யார்கிட்ட அனுப்பறதுன்னுதான் தெரியலை. நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க."

பெட்டியைத் திறந்தார். நூல் கட்டிய மனுக்கட்டு ஒன்றையும், ஜர்னலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜர்னலில் நம்பர், பெயர், ஊர், குறை, பெற்ற நேரம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது.

"எழுபத்தெட்டு உருப்படி. எண்ணிக்கோங்க சார். வண்டி கை மாறும்போது ரிலீவ் பண்ற ஆள் இங்க சைன் பண்ணணும்." ஜர்னலின் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினார்.

தாசில்தார் மனுக்கட்டை வாங்கி எண்ணினார். எண்ணிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே பதவியையும் தேதியையும் எழுதினார். எத்தனை வருஷப் பழக்கம்! பேனாவை மூடும்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து நார்மனைப் பார்த்தார். நார்மன் ஜர்னலை மூடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"வாங்கிக்கிட்டாருங்களா?" என்று வரிசையிலிருந்து பாவாயி கேட்டார்.

"வாங்கிக்கிட்டாரும்மா," என்றார் நார்மன்.

"கையெழுத்து ஆச்சுங்களா?"

"ஆச்சு."

"அப்பச் சரி," என்றார் பாவாயி. வரிசை அப்படியே இரண்டடி நகர்ந்து தாசில்தார் முன்னால் நின்றது. அவர் கேஸ் என்று மறுபடி ஆரம்பித்துப் பார்த்தார். யாரோ ஒரு மனுவைக் கையில் திணித்தார்கள். வாங்கிப் படித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டைரக்டர் காமிராவின் பின்னாலிருந்து சொன்னார்: "மிஸ்டர் பழனியப்பன், அவர் அங்கேயே இருக்கட்டும். பேண்டை மேஜை மறைத்துவிட்டது. ஒரு தலைப்பாகையும் கருப்புக் கோட்டும் கொடுங்கள்."

அதைச் சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ, போய்ச் சொன்னேன். தாசில்தார் கையிலிருந்த மனுவை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் காலத்தில் தாசில்தாருக்கு எங்களைவிட அதிகாரம் அதிகம், தெரியுமா?" என்றார்.

"அப்படிங்களா சார்."

"தலைப்பாகையை ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள்."

படத்தில் கலெக்டருக்கு வலது பக்கம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் ஆள் அவர்தான். நடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் நிஜமாகவே மனுக்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வாங்கிக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி பதில் எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை. தை மாதம் ஆலமரத்தடியில் பஸ் நிறுத்தப் பலகை நட்டார்கள்.

7. ஞாயிற்றுக்கிழமைப் படம்

படம் மெட்ராஸில் ஒரு வாரம் காலைக்காட்சி ஓடியது. பிறகு வெளிநாட்டு விழாக்களுக்குப் போய் விருது வாங்கியது. எங்கள் பக்கம் ஒரு டூரிங் கொட்டாய்க்குக்கூட வரவில்லை. நானும் வேறு படங்களுக்குப் போய்விட்டேன்.

எட்டொன்பது வருஷம் கழித்து, எண்பதுகளின் பின்பாதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை டிவியில் போட்டார்கள். அதற்குள் ஆலாங்காட்டுப்புதூர் பஞ்சாயத்துக்கும் ஒரு டிவி வந்திருந்தது. ஊரே கூடிப் பார்த்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை சேலத்தில் என் வீட்டு வாசலில் பாவாயி நின்றார். விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். முடி நரைத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மேனேஜருங்க, என்ற மனுவத் தள்ளுபடி பண்ணிட்டாருங்களாமே?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எடிட்டிங்கில் டைரக்டர் பாவாயியின் முகத்தை முழுசாக வைத்திருந்தார். பேச்சில் பஸ் வருகிறதே, அதனால் குரலை எடுத்துவிட்டுக் காற்றுச் சத்தத்தைச் சேர்த்திருந்தார். வாய் அசையும், பேச்சு கேட்காது. அதற்கடுத்து, நார்மன் தனியாக உட்கார்ந்து சொன்ன "தள்ளுபடி"யை ஒட்டியிருந்தார். அதற்குப் பிறகு பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறார். அந்த மௌனத்தைத்தான் பத்திரிகைக்காரர்கள் அப்படிப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள்.

"அக்கா, இப்ப நீங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்சுலதானுங்க."

"எங்க ஏறுனீங்க?"

"நம்ம ஸ்டாப்புலதான்."

"அப்ப பஸ்சு நிக்குதுதானுங்க்கா?"

"பஸ்சு நிக்குதுங்க. நா பஸ்சக் கேக்கல. கலெக்டரு சரின்னு சொல்லி, கையெழுத்துப் போட்டு, நா சந்தோசத்துல கண்ணத் தொடச்சுட்டு வந்தனுங்க. படத்துல அவரு என்னையத் தள்ளிவிட்ட மாதிரியும், நா அழுதுட்டுப் போற மாதிரியும் இருக்குது. ஊர்ல அன்னைக்கு இல்லாதவங்க எல்லாம் இதத்தான் நம்பறாங்க. என்ற பேரனே கேக்கறான், நீ சண்டை போட்டுத்தான் ஸ்டாப்பு வந்துச்சுன்னியே, பொய்யான்னு."

கத்தரித்து ஒட்டுவதைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஒட்டுனது நீங்கதான். நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

அந்த வாரமே போனேன். நார்மனைக் கூப்பிடலாமென்று சூரமங்கலம் போனால், அவர் மகளோடு கோலாருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தனியாகத்தான் போனேன். பஞ்சாயத்து டிவி அறை முன்னால் மைக் செட் கட்டி வைத்திருந்தார்கள். ஊர் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ பெரிய ஆட்களிடம் கூசாமல் பேசியவன் நான். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"படத்துல பாவாயி அக்கா மனுவத் தள்ளுபடின்னு காட்டுனது நெசம் இல்லீங்க. அவங்க மனு அன்னைக்கே ஏத்துக்கப்பட்டது. அவங்க அழுவல. அந்தப் பஸ் ஸ்டாப்பு அவங்க வாங்குனது. நான் அங்க இருந்தனுங்க," என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அந்தக் கடன் தள்ளுபடிங்க?" என்று கேட்டார். அது வேறு விஷயம் என்று அவரை உட்கார வைத்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். லொகேஷன், கால்ஷீட், ஜெனரேட்டர் எல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும். ஒருவரிடம் போய், உங்கள் நிஜக் குறையைச் சொல்லுங்கள், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டால், அதை எங்கே ஒட்டப் போகிறோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கோழிக்கு நிறம் மாற்றுவதற்குக்கூட நான் உரியவரிடம் போய்க் கேட்டேன். பாவாயியிடம் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பாவாயி வந்தார். "இனிமே அந்தப் படத்த மாத்திப் போடுவாங்களா?"

"முடியாதுங்க்கா. அது அப்படியேதான் ஓடும்."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்ப போடும்போதெல்லாம் நீங்க வந்து சொல்லோணும்."

அதற்குப் பிறகு அந்தப் படம் இரண்டு முறை டிவியில் வந்தது. இரண்டு முறையும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.